நோவு தணிந்த பின்னும் மருந்து ஏன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேற்கு வர்ஜீனியா என்றொரு மாகாணம் உண்டு. மலைப்பிரதேசம். தலைமுறை தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கமே அங்குள்ள ஜனங்களுக்குப் பிழைப்பு. அதன் தென்கோடியில் கெர்மிட் என்னும் சிற்றூரில் குடியிருப்போர் நானூறு பேருக்கும் குறைவு. அவ்வூர் மருந்துக் கடை ஒன்றுக்கு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் வலி மாத்திரைகளை மொத்த வியாபாரிகள் அனுப்பினார்கள் என்று, அம்மாகாணத் தலைநகரின் பத்திரிகை 2016-ம் ஆண்டில் கணக்குக் காட்டி எழுதிற்று. எல்லாம் அபின் வகையைச் சேர்ந்த மாத்திரைகள். சுற்று வட்டாரத்தாரும் அங்கு வந்து வாங்கினார்கள் என்பது மெய்தான். ஆனாலும் ஊராரின் கணக்கில் வகுத்துப் பார்த்தால் தலைக்கு இருபதினாயிரத்துக்கு மேல் வருகிறது. அனுப்பியவர்களுக்கு வகுத்தல் கணக்குத் தெரியாமலா இருந்தது?

இந்த மாத்திரைகளை விழுங்கியவர்கள் யார்? சுரங்கத்தில் இடுப்பொடிந்தவர்கள், மூட்டுவலிக்காரர், பல் பிடுங்கிக்கொண்ட வாலிபர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் ரண சிகிச்சை செய்துகொண்ட தாய்மார். போதை தேடிப் போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆயினும் திரளான பேர் வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டோடு நேர்வழியாய்க் கடைக்குப் போனவர்கள். காயம் ஆறிற்று, மருந்து நிற்கவில்லை. முடிவில் வீட்டை விற்றார்கள்; பெற்றோரிடமே திருடினார்கள்; அநேகர் மூச்சு நின்று செத்தார்கள். அந்த நாட்டில் 2021-ம் ஆண்டில் மட்டும் அபின் வகைச் சரக்குகளால் மாண்டவர் எண்பதினாயிரத்துக்கு மேல். அண்மை ஆண்டுகளில் அந்தத் தொகை குறைந்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இப்படிக் கெட்டவனைக் கண்டால் நம்மில் அநேகர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "வைராக்கியம் இல்லாதவன், தன்னைத்தானே கெடுத்துக்கொண்டான்" என்கிறோம். படித்தவர்கள் சிலர் வேறு விதமாய்ச் சொல்வார்கள்: "அது மூளையைப் பிடித்த வியாதி; காய்ச்சல்காரனைக் குற்றம் சொல்லலாமா?" முந்தின தீர்ப்பில் இரக்கம் இல்லை. பிந்தினதிலோ இரக்கம் உண்டு; ஆனால் அது அந்த மனிதனிடத்தில் மனது என்று ஒன்று மீதி இருப்பதையே மறந்துவிடுகிறது. சாவான பாவத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நம் ஞானோபதேச வகுப்புச் சிறுவர் மூன்று காரியங்களை ஒப்பிப்பார்கள்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். இந்த அளவுகோலை வைத்துக் கெர்மிட் ஊர் விஷயத்தை அளந்து பார்ப்போம். காரியம் கனமானது என்பதில் சந்தேகமில்லை. அறிவு யாரிடத்தில் இருந்தது? சம்மதம் யாரிடத்தில் எவ்வளவு இருந்தது?

முதலில் சரீரத்தைப் பார்ப்போம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். ஜெர்மனி தேசத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்த செர்ட்டுர்னர் என்னும் வாலிபர் 1804-ம் ஆண்டையொட்டி அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். சொப்பனத்துக்கு அதிபதியென்று பழங்கதையில் வரும் மார்பேயுஸ் என்னும் தேவதையின் பெயரால் அதற்கு மார்பின் என்று பேரிட்டார். ஒரு செடியின் பால் மனிதனுடைய நோவை எப்படி அடக்குகிறது என்பது வெகுகாலம் புரியாமலே கிடந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த மருந்து போய்ப் பொருந்துவதற்கென்றே பூட்டுப்போன்ற இடங்கள் இருக்கின்றன என்று 1973-ல் கண்டுபிடித்தார்கள். கசகசாச் செடிக்காகவா சர்வேசுரன் மனிதனுக்குள் பூட்டு வைத்தார்? இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஸ்காத்லாந்தில் விடை அகப்பட்டது. நம் சரீரமே மார்பினைப் போன்ற ஒரு பொருளைச் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருக்கிறது. செடியின் பால் அந்தச் சாவியைப் போலவே வெட்டப்பட்ட கள்ளச் சாவி.

கள்ளச் சாவியை நாள்தோறும் போட்டுவந்தால் பூட்டுத் தேயும். முதலில் ஒரு மாத்திரை போதும். பிறகு இரண்டு வேண்டும். திடீரென்று நிறுத்தினாலோ உடல் நடுங்கும், மயிர்க் கூச்செறியும், மூக்கும் கண்ணும் ஒழுகும், வயிறு முறுக்கும், தூக்கம் பறிபோகும். ஆறிப்போன பழைய நோவும் இருமடங்காய் எழுந்துவரும். அப்போது அவன் மாத்திரையைத் தேடுவது சந்தோஷத்துக்காக அல்ல. மாத்திரையே உண்டாக்கின வாதையிலிருந்து தப்பிக்கத்தான். வாரக்கணக்காய்த் தொடர்ந்து உட்கொண்டால் புண்ணியவானுக்கும் இது வரும், குருவானவருக்கும் வரும், கைக்குழந்தைக்கும் வரும். இது பாவமல்ல.

அர்ச். அகுஸ்தீன் தமது வாழ்க்கை வரலாற்றில் பழக்கத்தை ஒரு சங்கிலியாகக் காட்டியிருக்கிறார். கெட்ட மனதிலிருந்து இச்சை, இச்சையிலிருந்து பழக்கம், பழக்கத்திலிருந்து மீற முடியாத கட்டாயம் என்று வளையத்தோடு வளையம் கோத்திருப்பதாகச் சொல்கிறார். நம் சுரங்கத் தொழிலாளியின் சங்கிலியும் அதே இரும்புதான். ஆனால் அதன் முதல் வளையத்தை அவன் செய்யவில்லை. அது வைத்தியருடைய மேசையில் செய்யப்பட்டது. அந்த வைத்தியரும் வேறொருவரால் ஏமாற்றப்பட்டவர்.

இனி, முழு அறிவு இருந்த இடத்துக்கு வருவோம். இந்தக் கதை பழையது. ஜெர்மனியில் பாயர் கம்பெனி 1898-ல் இருமலுக்கு ஒரு மருந்தை விற்கத் தொடங்கிற்று. மார்பினைப்போல் அது அடிமைப்படுத்தாது என்றார்கள். அதன் பெயர் ஹெராயின். இப்போது அந்தப் பெயரை மருந்துப் புட்டியில் யாரும் ஒட்டமாட்டார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே வாக்குறுதி திரும்பவும் வந்தது. 1980-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் ஐந்தே வாக்கியமுள்ள கடிதமொன்று வெளியாயிற்று. ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்து அபின் வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் அடிமைப்பட்டதாகக் குறிப்பு உள்ளவர் நால்வரே என்று அது சொல்லிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தாதியின் கண் முன்னால் சில நாள் மருந்து உண்டவர்களைப்பற்றின கணக்கு அது. வீட்டுக்குக் கொண்டுபோய் வருஷக்கணக்காய் உண்பவனைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை ஒரு பெரிய ஆராய்ச்சி நூலைப்போல் ஒருவர் காட்ட, அவரைப் பார்த்து மற்றொருவர் காட்ட, 2017-ல் எண்ணிப்பார்த்தபோது 608 கட்டுரைகளில் அது எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை, இம்மருந்தால் அடிமைப்படுவது அபூர்வம் என்பதற்கே அதைச் சாட்சியாக வைத்தன. மூலக் கடிதத்தைப் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியுமா?

இந்தக் காற்று வீசும்போதுதான் பர்டியூ கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. மருந்து மெள்ள மெள்ளக் கரைவதால் தவறான பழக்கத்துக்கு இடம் குறையும் என்று நம்பப்படுவதாக அதன் குறிப்புச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. கம்பெனி ஆட்கள் ஊர் ஊராய்ப் போய் வைத்தியர்களிடம் பேசினார்கள். பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று சொன்ன மாத்திரை பலருக்கு அவ்வளவு நேரம் தாங்கவில்லை. நேரம் வருமுன்னே நோவும் நடுக்கமும் வந்துவிடும். அந்த இடைவேளைதான் மனிதனுக்கு மாத்திரையின் மேல் ஏக்கத்தைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம். வைத்தியர்களை ஏமாற்றும்படி மருந்தைப்பற்றித் தவறாகச் சொன்னதாக 2007-ல் அந்தக் கம்பெனியின் கிளை நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மூன்று அதிகாரிகளும் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டார்கள். அபராதம் 60 கோடி டாலருக்கு மேல். சிறைக்கு ஒருவரும் போகவில்லை. 2020-ல் கம்பெனி மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நோயாளியின் அறியாமையையே சரக்காக்கி விற்றவர்களிடத்தில் முழு அறிவும் முழுச் சம்மதமும் கூடியிருந்தன என்று சொன்னால் அது புறணியாகாது. நீதிமன்றத்தில் பதிவான காரியம்.

ஆனால் குற்றம் முழுவதையும் வியாபாரியின் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடவும் முடியவில்லை. ஏனெனில் ஒரு கேள்வி மீதியிருக்கிறது. நாள்பட்ட நோவுக்கு இந்த மருந்தை உண்பவர்களில் நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர்வரை அடிமைப்படுகிறார்கள் என்று 2015-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். உடல் பழகிப்போவது எல்லாருக்கும் வரும். மருந்தைப் படிப்படியாய்க் குறைத்தால் அது சில வாரங்களில் தீரும். ஆனால் குடும்பம், மானம், உயிர் எல்லாவற்றையும் கொடுத்தாவது மாத்திரையை வாங்கும் அடிமைத்தனம் பத்துப் பேரில் ஒருவரைத்தான் பற்றுகிறது. அந்த ஒருவர் மட்டும் ஏன்?

பிறவிக்கூறு ஒரு காரணம் என்பார்கள், அது உண்மையே. ஆனால் மற்றொன்று உண்டு. 1978-ல் பாங்க்செப் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தாயை விட்டுப் பிரித்த நாய்க்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பிரித்த குட்டி ஓயாமல் கத்தும் என்பது யாருக்கும் தெரியும். அதற்கு மிக மிகச் சொற்பமாய் மார்பின் கொடுத்தார். மயக்கம் வருமளவுகூட அல்ல. கத்தல் அடங்கிவிட்டது. அந்தக் குட்டிக்குக் காயம் இல்லை, புண் இல்லை. தாய் இல்லை என்பதுதான் குறை. காயத்தின் நோவை அடக்கும் அதே பொருள் பிரிவின் நோவையும் அடக்குகிறது. தாய் மடியில் கிடக்கும்போது சரீரம் தானே சுரந்துகொள்ளும் ஆறுதலைத்தான் கள்ளச் சாவி திறந்துவிடுகிறது.

வைத்தியர் இடுப்புவலிக்காக மாத்திரை கொடுக்கிறார். நோயாளி விழுங்குகிறான். அரைமணியில் இடுப்புவலி போகிறது. அதோடுகூட, யாரிடமும் சொல்லாத வேறொரு வலியும் போகிறது. மனைவி இறந்த துக்கம், சிறுவயதில் பட்ட அடி, சுரங்கம் மூடினபின் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், எல்லாம் அரைநாள் மௌனமாகின்றன. இரண்டாவது வலி இல்லாதவனுக்கு மாத்திரை வெறும் மாத்திரை. அது உள்ளவனுக்கோ, இத்தனை வருஷத்தில் தன்னை ஆறுதலாய் விசாரித்த முதல் ஆள்! இடுப்புக் குணமானபின் முதல் வலிக்கு மருந்து வேண்டாம், இரண்டாவதற்கு? மேற்கு வர்ஜீனியாவில் சுரங்க வேலை பாதிக்குமேல் குறைந்து, வாலிபர் ஊரைவிட்டுப் போய், ஊரே துக்கவீடாய்க் கிடந்த காலத்தில் அந்த மாத்திரை போய்ச் சேர்ந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத நடுவயது வெள்ளையர் அந்த நாட்டில் மாத்திரையாலும் குடியாலும் தற்கொலையாலும் மென்மேலும் சாகிறார்கள் என்று ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2015-ல் காட்டினார்கள். அவற்றை நம்பிக்கையிழந்தவர்களின் சாவு என்று அவர்கள் அழைத்தார்கள்.

அப்படியானால் மனச் சுயாதீனம் எங்கே என்று ஒருவர் கேட்கலாம். வியட்நாம் யுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1971-ல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிக்கிடந்தது. அந்த ஆண்டில் ஊர் திரும்பினவர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவன் அங்கே தான் அடிமையாயிருந்ததாகச் சொன்னான். இவர்கள் எல்லாரும் வந்து இறங்கினால் தேசம் என்னாகும் என்று பெரியவர்கள் கலங்கினார்கள். நடந்தது வேறு. அங்கே அடிமைப்பட்டவர்களில் வீடு திரும்பின முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். சங்கிலி இரும்பு என்பது உண்மை. ஆனாலும் அறுபடாத இரும்பு அல்ல. தாய், மனைவி, வேலை, பழைய தெரு இவை திரும்பக் கிடைத்தபோது, அவர்களுடைய மனது எழுந்து நின்றது.

சிப்பாய்க்குத் திரும்பிப்போக வீடு இருந்தது. கெர்மிட் ஊரானுக்கோ, மாத்திரை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கே திரும்பிப்போவான்? அவனுடைய சம்மதம் முழுச் சம்மதமல்ல என்று நான் துணிந்து சொல்வேன். அவனிடத்தில் சம்மதமே இல்லை என்று மட்டும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவனைக் கல்லறைக்கு முன்னமே புதைப்பதாகும். இன்றைக்கு ஒருவேளை மாத்திரையைத் தள்ளிப்போடவும், உண்மையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லவும், வைத்தியர் தரும் மாற்று மருந்தைத் தவறாமல் உட்கொள்ளவும் போதுமான சிறு பங்கு சுயாதீனம் எவனிடத்திலும் மீதியிருக்கிறது. அந்தச் சிறு பங்கைக்கொண்டு அவன் எழும்புவதற்குப் பக்கத்தில் மனிதர் வேண்டும். வெறும் தடை உதவாது என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2010-ல் ஆக்ஸிகான்டினைப் பொடிசெய்ய முடியாதபடி மாற்றினார்கள், நல்ல காரியந்தான். ஆனால் அநேகர் தெருவில் விற்கும் ஹெராயினுக்குப் போனார்கள். சில ஆண்டில் அதைக்காட்டிலும் பலமடங்கு கொடிய ஃபென்டனில் வந்தது. வலி அப்படியே இருக்க, மருந்தை மட்டும் பிடுங்கினால் வேறென்ன நடக்கும்?

இவ்வளவும் படித்தபின், "அபின் மருந்தே வேண்டாம், சேசுநாதர் சிலுவையில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை வாங்கவில்லையே, நாமும் நோவைச் சகித்துக்கொள்வோம்" என்று பக்தியுள்ள சிலர் எண்ணக்கூடும். தாமாக மனதார ஒப்புக்கொடுப்பது வேறு. பிறருடைய நோவை நாம் ஒப்புக்கொடுத்துவிடுவது வேறு. 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி மயக்க மருந்து வைத்தியர்களுக்கு இதைத் தெளிவாக்கினார். வேறு வழியில்லாதபோது, மரிக்கிறவனுடைய கடமைகளுக்கு இடையூறு இல்லாதிருந்தால், ஆயுள் குறையக்கூடும் என்று கண்டாலும் நோவைத் தணிக்க இம்மருந்தைக் கொடுக்கலாம் என்பதே அவர் போதனை. கொல்வது நோக்கமல்ல, நோவைத் தணிப்பதே நோக்கம்.

இந்தப் போதனை நம் நாட்டில் வெகு பேருக்கு எட்டவில்லை. சட்டமும் குறுக்கே நின்றது. போதைப் பொருளை ஒடுக்க 1985-ல் இந்தியாவில் செய்த கடுஞ்சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. சர்க்கார் உத்தரவோடு அபின் பயிரிடும் தேசத்தில், புற்றுநோய்க்காரர் ஒரு மாத்திரைக்கு வழியின்றிக் கதறி மாண்டார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கின நோவு தணிப்பு நிலையம் இந்த நிலையை எதிர்த்து நின்றது. 2014-ல்தான் சட்டம் தளர்த்தப்பட்டது. உலகெங்கும் வினியோகமாகும் இவ்வகை மருந்து ஆண்டுக்கு 298.5 டன் என்றும், மிக ஏழை நாடுகளுக்குக் கிடைப்பது அதில் 0.1 டன் மாத்திரம் என்றும் 2017-ல் லான்செட் குழுவினர் கணக்கிட்டார்கள். கெர்மிட்டில் தலைக்கு இருபதினாயிரம். இங்கே சாகிறவனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே உலகத்தில், ஒரே காலத்தில்.

லண்டன் மாநகரில் அயர்லாந்து தேசத்துப் பிறசிநேகக் கன்னியர் நடத்திய அர்ச். சூசையப்பர் மடத்தில், மரிப்போரைப் பராமரிக்க 1958-ல் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண் வைத்தியர் வந்து சேர்ந்தார். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். நோயாளி கதறிக் கேட்கும்வரை காத்திராமல், நான்கு மணிக்கொருமுறை கடிகாரத்தைப் பார்த்து மார்பின் கொடுத்தார். கேட்டுப் பெறவேண்டிய அவசியமே இல்லாதபோது ஏக்கம் பிறக்கவில்லை. அத்தோடு அவர் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார், பேசவிட்டுக் கேட்டார். நோவு சரீரத்தில் மாத்திரம் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆத்துமத்திலும் சேர்ந்தே இருக்கிறது என்று எழுதினார். சமாரியனும் எண்ணெயும் இரசமும் வார்த்ததோடு நிற்கவில்லையே. சத்திரத்துக்குக் கொண்டுபோய் ஓர் இரவு கூடவே தங்கினான்.

சாண்டர்ஸ் இதைக் கற்றுக்கொண்டது வைத்தியராவதற்கு முன்பே. 1948-ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டேவிட் டாஸ்மா என்னும் யூதர் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். வார்சாவிலிருந்து வந்தவர், ஹோட்டலில் பரிமாறிப் பிழைத்தவர், வயது நாற்பது, சொந்தம் என்று ஒருவரும் இல்லை. சாண்டர்ஸ் அப்போது நோயாளிகளின் குடும்ப நலம் விசாரிக்கும் உத்தியோகத்தில் இருந்தார். அடிக்கடி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மரிப்போருக்கென்று ஒரு வீடு கட்டவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை, அந்த வீட்டில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று சொல்லி எழுதிவைத்துவிட்டு இறந்தார். வீடு எழும்பப் பத்தொன்பது ஆண்டு சென்றது. 1967-ல் திறந்த அந்த அர்ச். கிறிஸ்தோப்பர் இல்லத்தில் அந்த ஜன்னல் வைக்கப்பட்டது.